லார்பேஜ், பாரிஸ்: முட்டை கூடச் சாப்பிடாத அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

தென்றல்_கோவை (கேள்வி)

மார்ச் கடைசி வாரம் பாரிஸ் போறோம். அப்பா, அம்மா, நான், மூணு பேர். அவங்க ரெண்டு பேரும் சுத்த சைவம். முட்டை கிடையாது, மது கிடையாது, பால் தயிர் வெங்காயம் பூண்டு எல்லாம் ஓகே. அறுபதாம் கல்யாணத்துக்காக ஒரே ஒரு வேளை, பேர் பெற்ற பிரெஞ்சு ஓட்டல்ல உக்காந்து சாப்பிட வைக்கணும்னு ஆசை. தேடினப்போ எல்லாரும் காய்கறிக்குப் பேர் போன இடம்னு சொல்றது சமையல்காரர் அலேன் பாசாரோட லார்பேஜ். மதியச் சாப்பாடே ஆளுக்கு 260 யூரோங்கறாங்க.

கேக்க வேண்டியது இதுதான். நிஜமாவே சைவமா, இல்ல காய்க்கு நடுவுல கோழி ரசம் ஊத்திருவாங்களா? சில விமர்சனத்துல முட்டை, மீன், வாத்து எல்லாம் வருது, சிலதுல ஒண்ணுமே இல்லங்கறாங்க. காய்கறிக்கு ஏன் இவ்வளவு விலை? புக்கிங், உடை, டிப்ஸ், தண்ணிக்குக் காசு, இந்த மாதிரி விஷயத்துல எங்க மாட்டிக்குவோம்? போயிட்டு வந்தவங்களோ அங்க வேலை தெரிஞ்சவங்களோ சொல்லுங்க.

---

அளவுச்சட்டி

முதல்ல தேதியைப் பாருங்க. நீங்க படிச்ச விமர்சனங்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்படறதுக்குக் காரணம் அதுதான். அந்த ஓட்டலுக்கு மூணு காலம் உண்டு.

1986-ல பாசார் அந்த இடத்தைத் தன் குருநாதர் அலேன் சாந்தெரான்ஸ்கிட்ட இருந்து வாங்கினார். அப்ப அது முழுக்க அசைவ ஓட்டல், அதுலயும் இறைச்சியை நெருப்புல வாட்டறதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. 1996-ல மிஷலான் (ஓட்டலுக்கு நட்சத்திரம் குடுத்துத் தரம் பிரிக்கற பிரெஞ்சு வழிகாட்டி) மூணு நட்சத்திரம், அதுல அதுதான் உச்சம். 2001-ல சிவப்பு இறைச்சியை மெனுவுல இருந்து எடுத்துட்டு காய்கறியை நடுவுல வெச்சார். ஆனா அது சைவம் ஆகல. மீன், முட்டை, வெண்ணெய் இருந்துச்சு, கோழியும் வாத்தும் வந்து போச்சு. ஓட்டுக்குள்ள பாதி வெந்த மஞ்சள் கரு, மேல மேப்பிள் சிரப், ஷெர்ரி வினிகர் விட்ட முட்டைதான் அந்த வீட்டோட முத்திரைப் பண்டம். 2025 ஜூலையில மூணாவது காலம் தொடங்குச்சு. இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள் எல்லாம் நிறுத்தியாச்சு. சொந்தத் தேனீப் பெட்டியில இருந்து வர்ற தேன் மட்டும்தான் விதிவிலக்கு.

அதனால 2025 ஜூலைக்கு முன்னாடி எழுதின எதையும் வெச்சு முடிவு எடுக்காதீங்க. வெண்ணெய் பத்தி, முட்டை பத்தி, வெங்காய கிராத்தான் மேல பார்மெசான் பத்தி உருகி எழுதினதெல்லாம் பழைய கதை. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இது நல்ல செய்தி. "எங்களுக்கு மட்டும் தனியா"ன்னு கேக்கற சங்கடம் இல்ல, பக்கத்து மேசைக்குப் போறதேதான் உங்க மேசைக்கும் வரும்.

ஒரே விஷயம் இடிக்குது, மார்ச். பிரான்ஸ்ல காய்கறித் தோட்டத்துக்கு வருஷத்துலயே ஏழ்மையான நேரம் மார்ச்சும் ஏப்ரல் முதல் பாதியும். குளிர்காலக் கிழங்குகள் தீர்ற கட்டம். அஸ்பராகஸ் ஏப்ரல்ல தலை நீட்டும், பச்சைப் பட்டாணி மே கடைசி, தக்காளி ஜூலை. மார்ச்ல போனா செலரி கிழங்கு, டர்னிப், பீட்ரூட், முட்டைக்கோஸ், லீக்ஸ், சேமிச்சு வெச்ச வெங்காயம், கொஞ்சம் இளங்கீரை, இதை வெச்சுத்தான் பத்துப் பன்னிரண்டு தட்டு வரும். அதை வெச்சே அசத்தறதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம், இல்லேன்னு சொல்லல. ஆனா தேதி உங்க கையில இருந்தா ஜூன் முதல் செப்டம்பருக்குள்ள நகர்த்துங்க, அதே 260-க்குத் தட்டு வேற மாதிரி இருக்கும். ஆகஸ்ட்ல மட்டும் உஷார், பாரிஸ்ல பாதி ஓட்டல் விடுமுறைன்னு கதவைச் சாத்திரும்.

---

வடலி (பாரிஸ்)

வணக்கம் தென்றல். சாப்பாட்டை மற்றவை சொல்லட்டும், நான் காசு, நேரம், போற வழி பற்றிச் சொல்லுறன்.

இடம் ஏழாம் வட்டாரத்தில, 84 ரூ த வரேன் (ரூ எண்டால் தெரு). மெத்ரோ 13-ஆம் லைன், வரேன் ஸ்டேஷன். வெளியில வந்தா ரோதான் மியூசியம், அதுக்கு அங்கால ஒரு நிமிச நடை. வாசல் பெரிசாத் தெரியாது, நீங்கள் கடந்து போயிடுவியள், இலக்கத்தைப் பார்த்து நடவுங்கோ. சனி ஞாயிறு பூட்டு. திங்கட்கிழமை எண்டால் ரோதான் மியூசியமும் பூட்டு, ஆனபடியால் ரெண்டையும் சேர்த்துப் பார்க்க நினைச்சால் செவ்வாய் தொடக்கம் வெள்ளிக்குள்ள வையுங்கோ. காலமை மியூசியத் தோட்டம், பன்னிரண்டரைக்கு மேசை. உங்கட அப்பா அம்மாவுக்கும் அலைச்சல் இல்லை.

மத்தியானத்துக்கே எடுங்கோ, இரவுக்கு வேண்டாம். இரவுச் சாப்பாடு 400 யூரோவைத் தாண்டும், அது ஒரு காரணம். மற்றது நித்திரை. மார்ச் கடைசி ஞாயிறு இஞ்ச மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம். அதுக்கு முதல் இந்தியாவோட நாலரை மணித்தியால வித்தியாசம், பிறகு மூன்றரை. இரவு எட்டு மணிக்கு இருந்தால் உங்கட ஊர்க் கணக்கில பதினொன்றரையோ பன்னிரண்டரையோ. சாப்பாடு முடிய மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஊரில இருந்து வந்து ரெண்டு நாளில, அறுபது வயசைத் தாண்டினவை அந்த நேரம் பத்தாவது தட்டைப் பார்க்க மாட்டினம்.

புக்கிங் அவையளின்ர இணையத்தளத்தில செய்யலாம். கிரெடிட் கார்ட் இலக்கம் கேட்பினம். வராமல் விட்டால், கடைசி நேரம் ஆள் குறைஞ்சால், தலைக்கு இவ்வளவு எண்டு எடுக்கிறதுக்குத்தான் அது. எத்தினை மணித்தியாலத்துக்கு முதல் ரத்துச் செய்யலாம் எண்டதை அந்தப் பக்கத்திலயே வாசிச்சுப்போட்டு அழுத்துங்கோ. இந்தியக் கார்டில வெளிநாட்டு ஒன்லைன் பாவனையை பாங்க் அப்பில திறந்து வைக்காட்டி அந்த இடத்திலயே நிண்டுடும்.

பில் விஷயம். பிரான்சில மெனுவில எழுதியிருக்கிற விலைக்குள்ள வரியும் இருக்கு, சேர்விசும் இருக்கு. அதுக்கு மேல சேர்விஸ் சார்ஜ் எண்டு ஒண்டும் வராது. டிப்ஸ் உங்கட விருப்பம், விடாட்டி ஒருத்தரும் முகம் சுழிக்கப் போறதில்லை. குழாய்த் தண்ணி போத்தலில கேட்டால் காசில்லாமல் தர வேணும், அது சட்டம். "கராஃப் தோ" எண்டு சொன்னால் காணும். பேசாமல் இருந்தால் "ஸ்டில் ஓர் ஸ்பார்க்ளிங்?" எண்டு கேட்டு மினரல் போத்தலைத் திறப்பினம், அதுக்குக் காசு.

எங்கட ஆக்கள் அடிபடுற இடம் இன்னொண்டு. உட்கார்ந்த உடனே ஷாம்பெய்ன் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு கிளாஸ் விடட்டோ எண்டு கேட்பினம். வரவேற்பு எண்டு நினைச்சுத் தலையாட்டினால் ஒரு கிளாசுக்கு 30 யூரோவுக்குக் குறையாமல் பில்லில வரும், சிலவேளை கனக்கக் கூட. குடிக்காத ஆக்கள் முதலிலயே "நாங்கள் மது எடுக்கிறேல்லை, மது இல்லாத குடிவகை என்ன இருக்கு, என்ன விலை" எண்டு கேட்கலாம். விலை கேட்கிறது இஞ்ச வெக்கமில்லை.

உடுப்பு: கோட்டும் டையும் கட்டாயமில்லை. சப்பாத்து, காற்சட்டை, மடிப்புக் கலையாத சேர்ட் காணும். அம்மா பட்டுச்சீலை கட்டினால் அந்த மண்டபத்திலயே வடிவான உடுப்பு அதுதான். மேசைகள் நெருக்கம், அதனால பெரிய பாக்கை ஹொட்டேலிலயே வைச்சிட்டு வாங்கோ.

காசு கட்டேக்கை மெஷின் யூரோவா ரூபாயா எண்டு கேட்டால் யூரோவை அழுத்துங்கோ. ரூபாய் எண்டு அழுத்தினால் மாத்துவிலையில ஒரு துண்டை அவங்கள் கடிச்சுப் போடுவாங்கள்.

---

கரிச்சட்டி

பிரெஞ்சு சமையலறை வேலை தெரிஞ்சவன்ங்கற முறையில விலை விஷயத்துக்கு வர்றேன்.

260 யூரோவுல 10 சதவீத வாட் வரி உள்ளேயே இருக்கு, அதாவது 23.60 போக ஓட்டல் கையில நிக்கறது 236 சொச்சம். அதுல காய் விலை பெரிய பங்கு இல்ல, ஆள் கூலிதான். ஒரு பெரிய டர்போ மீனை வாங்கினா சுத்தம் பண்ணி, துண்டு போட்டு, வெண்ணெயில வதக்கினா தட்டு முடிஞ்சுது. இருபது நிமிஷ வேலை, பொருள்தான் விலை. காய்கறி அப்படியே தலைகீழ். மண்ணோட வர்ற குட்டி டர்னிப்பை ஒவ்வொண்ணாக் கழுவி, தண்டுக்கு நடுவுல ஒட்டின மணலைக் கத்தி முனையால எடுத்து, தோல் சீவி, அளவு பிரிச்சு வைக்கணும். ஒரு தட்டுல ஏழெட்டுக் காய் இருந்தா ஏழெட்டுக்கும் வேக நேரம் வேற வேற, ஒவ்வொண்ணும் தனிப் பாத்திரம். அதை எல்லாம் ஒரே நொடியில ஒரே சூட்டுல தட்டுல சேர்க்கணும். அதுக்குத்தான் அத்தனை கை.

அது போக அவருக்குச் சொந்தத் தோட்டங்கள். முதல் தோட்டம் 2002-ல லெ மான் ஊருக்குப் பக்கத்துல சார்த் மாவட்டத்துல தொடங்கினது, மணல் கலந்த மண். அடுத்தது நார்மண்டியில ஏர் மாவட்டத்துல, களிமண். இன்னொண்ணு மோன் சேன் மிஷேல் விரிகுடாப் பக்கம். கேரட்டுக்கு மணல் மண் வேணும், நேரா இறங்கும். செலரி கிழங்குக்கும் கோசுக்கும் ஈரம் பிடிக்கிற களிமண் வேணும். காலையில பிடுங்கினது குளிர்பெட்டிக்குள்ள போகாமலே சமையலுக்கு வர்றதுதான் அங்க பெருமை. பட்டாணி, ஸ்வீட் கார்ன் மாதிரிச் சர்க்கரை சீக்கிரம் மாவாகிற காய்ல நாக்குக்கு உடனே வித்தியாசம் தெரியும். பழைய பீட்ரூட்ல அவ்வளவு தெரியாது, அதையும் சொல்லிடறேன்.

மேசையில நீங்க பாக்கப் போற ஒரு காட்சியை மட்டும் விளக்கறேன், குளிர்காலம் முடியற சமயத்துல போறதால வர வாய்ப்பு அதிகம்: உப்பு ஓட்டுக்குள்ள வெந்த பீட்ரூட். வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வருவாங்க. சாம்பல் நிறத்துல ஒரு பாறைக் கட்டி மாதிரி இருக்கும். கரண்டிப் பின்பக்கத்தால ரெண்டு தட்டு, ஓடு விரியும், உள்ள சுருங்கின கறுப்புத் தோலோட கிழங்கு. தோலை உரிச்சு ஆப்புத் துண்டாப் போட்டு, மேல பழைய பால்சமிக் வினிகர் சில சொட்டு. அவ்வளவுதான். "இதுக்கா?"ன்னு அப்பா கேப்பார். ஒரு துண்டு வாயில போட்டதும் மண் வாசனை குறைஞ்சு, இனிப்பு கெட்டிப்பட்டு, சதை வெண்ணெய் மாதிரி இறங்கறதைக் கவனிக்கச் சொல்லுங்க.

வீட்டுலயே செஞ்சு பாத்துட்டுப் போனா இன்னும் புரியும். 500–600 கிராம்ல ஒரே பீட்ரூட், தோலோட. தண்டை ரெண்டு விரல்கடை விட்டு வெட்டுங்க, வாலை வெட்டவே வேண்டாம். அங்க காயம் பட்டா உப்பு உள்ள இறங்கும், சாறு வெளிய ஓடும், வேலை கெட்டுது. கல்லுப்பு 2 கிலோ. அவங்க பயன்படுத்தற கெராந்த் ஊர்ச் சாம்பல் நிறக் கடலுப்புல இயல்பாவே ஈரம் உண்டு, அதனால தானா இறுகும். நம்ம தூத்துக்குடிக் கல்லுப்பு காஞ்சது, 100 மில்லி தண்ணி தெளிச்சுப் பிசறிக்கணும். தூள் உப்பு கூடவே கூடாது, உருகித் தோல் வழியா ஏறிடும். தட்டுல ஒரு விரல் கனம் உப்பு, மேல கிழங்கு, மிச்ச உப்பைக் கூம்பா மூடி அழுத்துங்க. 160–170 டிகிரி ஓவன்ல ஒண்ணே கால் மணி நேரம். வெளிய எடுத்ததும் உடைக்காதீங்க, 40 நிமிஷம் மூடியே இருக்கட்டும். முக்கால்வாசிப் பேர் கெடுக்கறது இந்த இடத்துலதான். ஓட்டுல தேங்கின சூடுதான் நடுப்பகுதியை வேக வைக்கும், அவசரப்பட்டு உடைச்சா நடு நரநரன்னு நிக்கும்.

---

தென்றல்_கோவை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். தேதி மாத்த முடியாது, டிக்கெட் போட்டாச்சு. வெண்ணெய் கூட இல்லேன்னா பிரெஞ்சு சாஸ் எப்படி வரும்? அப்பாவுக்கு "சப்புன்னு இருக்கு"ன்னு தோணிருமோன்னு பயம். அப்புறம், இங்க இடம் கிடைக்கலேன்னா வேற எந்த நட்சத்திர ஓட்டல்னாலும் சைவம்னு சொன்னா செஞ்சு தருவாங்களா?

---

கரிச்சட்டி

சாஸ் பத்தி. எலும்பு ரசத்துக்கு உதட்டுல ஒட்டற கெட்டித்தன்மை குடுக்கறது ஜெலட்டின். காய்கறி ரசத்துல அது கிடையாது. எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் உப்பும் கசப்பும்தான் ஏறும், கெட்டிப்படாது. கோழி எலும்பை மூணு நாலு மணி நேரம் கொதிக்க விடலாம், காய்கறியை 40 நிமிஷத்துக்கு மேல விட்டா கோஸ் வேக வெச்ச தண்ணி வாடை வந்துரும். அதனால வழியே வேற.

முதல்ல நிறம். வெங்காயம், காளான், செலரி கிழங்கைச் சின்னதா நறுக்கி அகலமான சட்டியில நல்லாச் சிவக்க வாட்டி, அடியில பிடிச்சதைக் கொஞ்சம் தண்ணி விட்டுச் சுரண்டி எடுத்து, மறுபடி சிவக்க விட்டு, மறுபடி தண்ணி. இப்படி ரெண்டு மூணு தடவை. சட்டியில கூட்டம் போட்டா காய் வேகுமே ஒழியச் சிவக்காது, சாஸ் வெளிறிப் போகும். அடுத்தது கெட்டி. அதே காயை மசிச்சுச் சேர்ப்பாங்க, இல்லேன்னா பாதாம் விழுது, இல்லேன்னா அகர் (கடல்பாசித் தூள்). லிட்டருக்கு 10 கிராம் அகர் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆறிக் கட்டியானதும் மிக்சியில அடிச்சா வழுவழுன்னு ஊத்தற பதம் வரும். சும்மா எண்ணெயை மட்டும் அடிச்சு விட்டா தட்டுல போட்ட நிமிஷத்துலயே பிரிஞ்சு நிக்கும். வெண்ணெய்க்குள்ள இருக்கற தண்ணியும் புரதமும்தான் அதைக் கலங்காமப் பிடிச்சு வெச்சுது. அது இல்லாம பளபளன்னு ஒரு சாஸ் மேசைக்கு வந்தா, அந்தச் சமையல்காரருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சப்புன்னு இருக்குமான்னா, காரம் இருக்காது, புளிப்பு மெலிசா இருக்கும், உப்பு நம்ம அளவுக்கு ஒரு படி கீழ. அப்பாவுக்கு ஊறுகாய் தேடும் நாக்குன்னா முதல் மூணு தட்டு அப்படித்தான் தோணும். ரொட்டியை மட்டும் ஆரம்பத்துலயே தின்னு வயித்தை நிரப்பிக்க விடாதீங்க. ரொட்டி நல்லா இருக்கும், கேக்கக் கேக்க வரும், ஆறாவது தட்டுல வயிறு "போதும்"னு சொல்லிடும்.

---

அளவுச்சட்டி

வேற ஓட்டல் விஷயத்துல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல. பிரான்ஸ்ல "காய்கறி ஓட்டல்"னு பேர் வாங்கினதுக்கும் சைவத்துக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. சமையல்காரர் மிஷேல் பிரா லகியோல் ஊர்ல உருவாக்கின கார்கூயூ, அம்பதுக்கு மேல கீரை, காய், பூ, விதை ஒரே தட்டுல வர்ற பண்டம், பிரெஞ்சுக் காய்கறிச் சமையலுக்கே அதைத்தான் பிள்ளையார் சுழி மாதிரிச் சொல்வாங்க. அதோட மூலச் செய்முறையில வாட்டின பன்றித் தொடைத் துண்டு உண்டு, அந்தச் சட்டியிலதான் காயைப் புரட்டி எடுப்பாங்க. பாரிஸ்ல பிளாசா அத்தேனே ஹோட்டல்ல 2014-ல இருந்து 2021 வரைக்கும் சமையல்காரர் அலேன் டுகாஸ் நடத்தினதும் மீன், காய், தானியம்னுதான். முழுத் தாவர உணவுக்கு பிரான்ஸ்ல முதல் நட்சத்திரம் 2021-ல அரெஸ் ஊர்ல கிளேர் வாலேங்கற சமையல்காரரோட ஓனா ஓட்டலுக்குக் கிடைச்சுது, அடுத்த வருஷமே அது மூடியாச்சு.

அதனால வேற இடம் போனா, "வெஜிடேரியன்"ங்கற ஒரே சொல்லை நம்பாம, எதெது கூடாதுன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்புங்க. இறைச்சி, மீன், முட்டை எல்லாருக்கும் புரியும். நழுவறது கீழ இருக்கற சமாச்சாரம்: காய் வேகற கோழி ரசம், மூஸ்லயும் மார்ஷ்மெல்லோலயும் இருக்கற ஜெலட்டின், வதக்கறதுக்கு வாத்துக் கொழுப்பு. பால் சாப்பிடறவங்களுக்கு இன்னொரு கண்ணி சீஸ். கோம்தே, பார்மெசான் ரெண்டும் கன்றுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற உறைதான் போடணும்ங்கறது அந்தப் பேருக்கான விதி. வீட்டுல அதைப் பெருசா எடுத்துக்கலேன்னா விட்டுடுங்க, எடுத்துக்குவாங்கன்னா எழுதிடுங்க. இனிப்புத் தட்டுகள்ல முட்டையை விலக்கச் சொன்னா பாதி ஓட்டல்ல ஒரு கிண்ணம் பழமும் பழ ஐஸும்தான் வரும்.

அந்தப் பணத்துக்கு அது சரிப்படாது. லார்பேஜ்ல இடம் இல்லேன்னா நட்சத்திரத்தை மறந்துட்டு ஃபோபூர் தேமான் மாதிரி முழுத் தாவர உணவு பிரெஞ்சு பிஸ்த்ரோவுக்கு (ஆடம்பரம் இல்லாத ஓட்டல்) போங்க, செலவு எத்தனையோ மடங்கு கம்மி, பெரியவங்களும் ஒவ்வொரு தட்டா சந்தேகமாப் பாக்க வேண்டியது இல்ல.

---

வடலி (பாரிஸ்)

அளவுச்சட்டி சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். லார்பேஜ் எண்டாலும் ஈமெயில் போடத்தான் வேணும், மதுவுக்காக. இறைச்சியை நிப்பாட்டினவை வைனை நிப்பாட்டேல்லை. சாசில வைன் விட்டுக் கொதிக்க வைக்கிறது, பழத்தை மதுவில ஊற வைக்கிறது எல்லாம் இஞ்ச சாதாரணம். "கொதிச்சால் போயிடும்" எண்டு பரிமாறுற பொடியன் சொல்லுவான், முழுக்கப் போகாது. புக்கிங் செய்த உடனே ஒருக்கா, போறதுக்கு மூன்று நாள் முதல் இன்னொருக்கா எழுதுங்கோ. ஆங்கிலத்தில எழுதலாம், பிரச்சினையில்லை. நாலு வரி காணும்: பெயர், திகதி, மூன்று பேர். ரெண்டு பேருக்குச் சமையலிலயும் இனிப்பிலயும் மது வேண்டாம், வினிகர் பரவாயில்லை. தேன் சாப்பிடுவினமோ இல்லையோ. அறுபதாம் கலியாண நாள் எண்டதையும் எழுதுங்கோ. வினிகரைச் சொல்லாமல் விட்டால் அதையும் மது எண்டு எடுத்து அரைவாசித் தட்டை மாத்திப் போடுவினம்.

மற்றது ஒவ்வாமை. முந்திரி, பாதாம், எள்ளு, கடுகு, செலரி ஏதாவது ஒத்துக்கொள்ளாட்டி அதே ஈமெயிலில சொல்லுங்கோ. ஐரோப்பியச் சட்டத்தில பதினாலு ஒவ்வாமைப் பொருள் பட்டியல் இருக்கு, செலரியும் அதில ஒண்டு, கேட்டால் எதில என்ன இருக்கெண்டு தர வேணும். வெண்ணெய் இல்லாத சமையலில பருப்பு விழுது கனக்க வரும்.

---

பொன்னி_புதுவை

இவ்வளவும் படிச்ச பிறகு என் கருத்து கொஞ்சம் மாறுபடுது. பிரச்சினை அப்பா அம்மா சைவமா இல்லையாங்கறது இல்ல, மூணு மணி நேரம் நாற்காலியில உக்காருவாங்களாங்கறதுதான். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு நிமிஷம் இடைவெளி வரும். சர்க்கரை மாத்திரை போடறவங்கன்னா முக்கியமாக் கவனிங்க. முதல்ல வர்றது ஒரு வாய் அளவு சின்னப் பண்டங்கள், வயித்துக்கு ஏதாவது போக அரை மணிக்கு மேல ஆகும். சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரை, இன்சுலின் எல்லாம் அந்தக் கணக்குல டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க. அவசரம்னா மேசையில சொல்லுங்க, வேகத்தைக் கூட்டுவாங்க. "மூணு மணிக்குக் கிளம்பணும்"னு உக்காரும்போதே சொன்னா அதுக்கு ஏத்த மாதிரி ஓட்டுவாங்க, பாதியில சொன்னா முடியாது.

செலவும் சொல்லிடறேன். மூணு பேர் மதியம் 780 யூரோ. மது இல்லாம, குழாய்த் தண்ணியோட, கடைசியில காபி சேர்த்தா 800 சொச்சத்துல நிக்கும். யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலே எண்பதாயிரம், கார்டுக்காரன் போடற மாற்றுக் கட்டணம் தனி. விலை மாறிட்டே இருக்கும், புக் பண்ற அன்னிக்கு அவங்க தளத்துல பாருங்க. குளிர்காலம் முடியற சமயத்துல போறதால ஒரு எச்சரிக்கை: "மேல கொஞ்சம் ட்ரஃபிள் (மண்ணுக்கடியில விளையற விலை கூடின காளான்) சீவட்டுமா"ன்னு கேட்டா அது மெனு விலைக்குள்ள இருக்கா, தனியான்னு கேட்டுட்டுத் தலையாட்டுங்க. கறுப்பு ட்ரஃபிள் மார்ச் நடுவுலயே முடிஞ்சுரும்ங்கறதால உங்களுக்கு அந்தக் கேள்வி வராமலே போகலாம்.

அப்பறம் மெனு அட்டை. அன்னிக்குத் தோட்டத்துல இருந்து வந்ததை வெச்சு முடிவு பண்றதால முன்கூட்டி என்ன வரும்னு சொல்ல மாட்டாங்க. பரிமாறறவங்க தட்டு வைக்கும்போது ஆங்கிலத்துல வேகமாச் சொல்லிட்டுப் போயிருவாங்க, அப்பா அம்மா காதுல பாதி விழாது. நீங்க நடுவுல உக்காந்துக்கங்க.

---

தென்றல்_கோவை

புதன்கிழமை 12.30-க்கு மூணு இடம் போட்டாச்சு. மது வேண்டாம், வினிகர் ஓகே, தேன் ஓகேன்னு மெயிலும் அனுப்பியாச்சு. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, பொன்னி சொன்னதை டாக்டர்கிட்ட கேக்கறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்பாவுக்கு ஃபோர்க்கும் கத்தியும் சரியா வராது. கையால சாப்பிட்டா தப்பா நினைப்பாங்களா?

---

கரிச்சட்டி

முதல்ல வர்ற சின்னப் பண்டங்கள் எல்லாமே கையால எடுக்கத்தான், அதுக்குக் கத்தி வைக்கவே மாட்டாங்க. ரொட்டியும் கையாலதான் பிய்க்கணும், கத்தியால வெட்டக் கூடாது. மத்ததுக்கு ஒரு ஸ்பூன் கேளுங்க. காய் எல்லாம் நல்லா வெந்திருக்கும், ஸ்பூன் விளிம்பாலயே துண்டாகும், சாசும் மிச்சம் இருக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் புது ஸ்பூன் வைக்கச் சொல்லி ஒரு தடவை சொன்னாப் போதும், கடைசி வரைக்கும் அவங்களே கவனிச்சுக்குவாங்க.